ஜடை செட் வாடகைக்கு எடுக்கிறீர்களா? திருப்பிப் பாருங்கள்

முகூர்த்தத்துக்கு ஜடை செட் (மணப்பெண்ணின் பின்னல் மேல் வைக்கும் நகை) பேசி, ஜிபே-யில் முன்பணம் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, இதே வேலையைச் செய்கிற கடைகள் ஊருக்கு நாலு இருக்கின்றன.

நடந்தது இதுதான். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. பெண்ணுக்கு நடுவகிடு எடுத்து இடுப்பு வரை ஒற்றைப் பின்னல், பின்தலையில் ராக்கொடி என்ற வட்ட நகை, வகிட்டின் இரண்டு பக்கமும் சூரியன், சந்திரன், நுனியில் குஞ்சலம் என்று பேச்சு. வாட்ஸ்அப்பில் கடை அனுப்பிய படத்தில் பின்னல் மேல் வரிசையாக வைக்கும் பில்லை ஒன்பது, மேட் பாலிஷ், சிவப்பும் பச்சையும் கலந்த கெம்புக் கல். வாடகை 4,500, டெபாசிட் 5,000. மதியம் வருவதாகச் சொன்ன பெட்டி, முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கு மண்டபத்துக்கு வந்தது. ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது, மேடையில் வரிசை நிற்கிறது, பெட்டியை யார் திறப்பார்கள்? காலை நாலரைக்குத் திறந்தால் ஏழு பில்லைதான். பளபளவென்று மஞ்சள் பாலிஷ். பச்சைக் கல் ஒன்றுகூட இல்லை. சூரியன் இரண்டு இருக்கிறது, சந்திரனைக் காணோம்.

பெண்ணின் அம்மா போன் செய்தார். "அதே டிசைன்தாம்மா, போட்டோல லைட்டுக்கு அப்படித் தெரியும். நீங்க கவலைப்படாம போடுங்க" என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் யாரால் வாதாட முடியும்? பெட்டி தாமதமாக வருவது தற்செயல் இல்லை என்பது இங்கேதான் புரியும். திரும்ப எடுத்துப்போன பிறகு, மூன்று கல் விழுந்திருக்கிறது, ஒரு கொக்கி வளைந்திருக்கிறது என்று டெபாசிட்டில் 2,200 பிடித்துக்கொண்டார்கள்.

பணம் போனதைவிடப் பெரிய கூத்து மணவறையில் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள, ஜடை செட் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சாமான் வாடகைக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். ஒன்று ஜடைநாகம்: மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே ஒடுங்கி வரும், தகடுகள் வளையத்தால் கோத்திருக்கும், பின்னல் எப்படி வளைந்தாலும் கூடவே வளையும். இரண்டாவது தனித்தனிப் பில்லைகள், பெரியது மேலே, போகப் போகச் சிறியது. ஒவ்வொன்றையும் கறுப்பு நூலால் பின்னலோடு கட்ட வேண்டும். வேலை அதிகம், ஆனால் முடி நீளத்துக்கு ஏற்ப இரண்டு பில்லையைக் குறைக்கலாம், கூட்டலாம். மூன்றாவதுதான் வில்லங்கம். ஒரே நீளத் தகட்டிலோ தடித்த துணிப் பட்டையிலோ பில்லைகளை ஒட்டியிருப்பார்கள். முன்பக்கப் படத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசமே தெரியாது.

வந்தது மூன்றாவது வகை. தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சோ இரண்டோ போட, மிச்சத்தை நாத்தனார் பின்னாலிருந்து போடுவார். அதற்காக யாராவது பின்னலைத் தூக்கிப் பிடிப்பார்கள். கோத்த ஜடை என்றால் கழுத்தருகே மடிந்து கொடுக்கும். பட்டை மடியாது. கீழே தூக்கினால் மேலே நெம்பும். நெம்புகிற இடத்தில் இருப்பது ராக்கொடி. இங்கேயும் அதேதான்: கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் ராக்கொடி ஊசியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, கூடவே கொஞ்சம் முடியும். பெண் கண் கலங்கியதை ஆனந்தக் கண்ணீர் என்று வீடியோக்காரர் ஸ்லோமோஷனில் போட்டிருக்கிறார்.

அதனால் நகையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். மேல் நுனியைப் பிடித்து முழங்கை மேல் போடுங்கள்: ஒவ்வொரு இணைப்பிலும் தொய்ந்து விழுந்தால் சரி, அட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால் வேண்டாம். தனிப் பில்லை என்றால் ஒவ்வொன்றின் பின்னாலும் இடதும் வலதுமாக இரண்டு வளையம் இருக்க வேண்டும். நடுவில் ஒரே வளையம் இருந்தால் கட்டிய பத்தாவது நிமிடத்தில் பில்லை சுழன்று சாய்ந்துவிடும். சேஃப்டி பின்னைப் பசை வைத்து ஒட்டியிருந்தால், பெண் முதல் தடவை விழுந்து கும்பிட்டு எழுந்திருக்கும்போதே கழன்றுவிடும். பிறகு ஒரு பழைய மெல்லிய துப்பட்டாவைப் பின்பக்கத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கேதான் பிளவுஸின் ஆரி எம்பிராய்டரியும் மாட்டும். இப்போது முதுகு முழுக்க ஆரி போடுகிறார்கள், அதன் மேலேயே இந்த ஜடை மூன்று நான்கு மணி நேரம் உரசும். அரம் போடாத ஒரு ஓரம் போதும், ஜர்தோசிக் கம்பிச் சுருள் பிரிந்து தொங்க.

கல்லுக்கும் சோதனை உண்டு. பதித்த கல்லைச் சுற்றித் தகட்டு விளிம்பு லேசாக அமுங்கியிருக்கும். ஒட்டிய கல்லைச் சுற்றிப் பசை ஒரு வளையமாக மின்னும். செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உதிர்ந்த கல் உள்ளே உருண்டால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

அளவு விஷயத்தில் "பெரியவங்க சைஸ்", "கல்யாண சைஸ்" என்று கடையில் சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. முடியை விரித்துவிட்டு அளப்பதும் தப்பு, பின்னினால் நாலைந்து விரல் குறையும், அடர்த்தியான முடி இன்னும் குறையும். சவுரி (பின்னலோடு சேர்க்கும் ஒட்டு முடி) சேர்ப்பதாக இருந்தால் சேர்த்து, முழுசாகப் பின்னி, ராக்கொடி உட்காரும் இடத்துக்குக் கீழிருந்து நுனி வரை டேப் பிடியுங்கள். அதில் குஞ்சலத்துக்கு 4 அங்குலம் கழித்தால் வருவதுதான் ஜடையின் நீளம். அகலத்தையும் பாருங்கள், இதை அனேகமாக யாரும் பார்ப்பதில்லை. மேல் பில்லை பின்னலைவிட அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு குப்புறக் கவிழப் பார்க்கும். முடி மெல்லியதாக இருந்தால் சின்னப் பில்லை எடுங்கள், அல்லது சவுரி வைத்துப் பின்னலைப் பருமனாக்குங்கள்.

சவுரியிலும் ஏமாற்று உண்டு. மனித முடி என்று விலை சொல்லி நைலானைத் தலையில் கட்டுவார்கள். ஒரே ஒரு இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் போதும். முடி என்றால் பொசுங்கிய நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். நைலான் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். நைலான் சவுரி மேல் கர்லிங் மெஷின் பட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், வெளிச்சத்துக்கு எடுத்து வந்து சொந்த முடியோடு வைத்துப் பாருங்கள்.

தலை அலங்காரம் முதலில் முடிவாக வேண்டும், நகை அதற்குப் பிறகு. நாம் நேர்மாறாகச் செய்கிறோம், கடைக்காரருக்கு அதுதான் வசதி. சூரியன் சந்திரனுக்கு நடுவகிடு வேண்டும் (சூரியன் பெண்ணுக்கு வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம், மாற்றி வைத்துவிட்டு ஆல்பத்தில் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு). பக்கவகிடு ஆசை என்றால் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள், அதற்கான வாடகையையும் குறைக்கச் சொல்லுங்கள். முன்முடியைச் சீவி உப்ப வைத்து பஃப் போட்டால் நெத்திச்சுட்டியின் சங்கிலி நீளம் போதாமல் மேலே இழுத்துக்கொள்ளும். படிய வாரினால் அதே சுட்டி புருவம் வரை இறங்கும். கொக்கியை வெறும் முடியில் மாட்டினால் நிற்காது, வகிட்டின் முடிவில் சுண்டு விரல் கனத்துக்கு ஒரு குட்டிப் பின்னல் போட்டு அதில் மாட்ட வேண்டும். ராக்கொடிக்கும் அடியில் பிடிமானம் வேண்டும். ரப்பர் பேண்டு போட்டுச் சின்ன முடிச்சு வைத்து, அதில் கொண்டை ஊசியை எதிரெதிராக நாலு இடத்தில் செருகினால் அசையாது. முந்தின நாள் நலங்கில் வைத்த எண்ணெய் சரியாகப் போகாத தலையில் எந்த ஊசியும் நிற்காது. கண்டிஷனர் போட்டு அன்று காலை அலசிய தலையும் அப்படித்தான், வழுக்கும். ஆண்டாள் கொண்டை போடுகிற வீடுகளில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அங்கே கொண்டை போடத் தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் நகை பார்க்க வேண்டும்.

ரிசப்ஷனுக்கும் சேர்த்து "ஃபுல் செட்" என்று தள்ளிவிடுவது இன்னொரு வழி. ரிசப்ஷனில் பெரும்பாலும் கொண்டை, இல்லையென்றால் விரித்துவிட்ட சுருள். பில்லை ஒன்றுகூட அங்கே ஏறாது. முத்து வைத்த யு பின் ஒரு டஜன் விலைக்கு வாங்கினாலே வேலை முடிந்தது.

"வடசேரி செட்" என்று பெயர் சொல்லி வாடகையை ஏற்றுகிறவர்களிடம் டெபாசிட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அசல் வேலை வெள்ளியில் செய்து, தங்கம் ஏற்றி, கல் பதிப்பது. அப்படி ஒரு முழு ஜடையை 5,000 டெபாசிட்டுக்கு யார் வெளியே விடுவார்கள்? வருவது பித்தளை அல்லது செம்பில் முலாம். அது தப்பில்லை, அதற்குரிய வாடகை வாங்கட்டும். "ஜெர்மன் சில்வர்" என்ற பேச்சிலும் மயங்க வேண்டாம். அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். கவரிங் தோடு போட்டாலே காது அரிக்கிறவர்களுக்கு அந்த நிக்கல் நெற்றியிலும் பிடரியிலும் தடிப்பை உண்டாக்கலாம். சுட்டியை ஒரு வாரம் முன்பே நெற்றியில் அரை நாள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நகை வேண்டாம், பூ ஜடையே போதும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை மல்லி என்று பேசிவிட்டுக் காக்கட்டான் என்ற வேறு பூவைக் கலந்து தைப்பது, மார்கழி, தை மாதங்களில் மல்லி விலை ஏறும்போது சகஜம். மல்லி மொட்டு குண்டாக இருக்கும், பக்கத்தில் வந்தாலே மணக்கும். காக்கட்டான் ஒல்லி, வாசனையும் கம்மி. காலையில் பறித்த மொட்டு அன்று இரவே விரிந்துவிடும் என்பதால், விடிகாலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் வருகிற ஜடையை வாழை இலையில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிப் பழுத்துவிடும். தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பழைய பூவைப் புதுசாகக் காட்டத் தெளிப்பது அது, கனமும் கூடும், பட்டு பிளவுஸில் கறையும் இறங்கும்.

வாடகைப் பேச்சை வாயால் முடிக்காமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்: எத்தனை பில்லை, எந்த வகை, என்ன கல், என்ன பாலிஷ், ராக்கொடி, சூரியன், சந்திரன், சுட்டி, குஞ்சலம் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி. ரிசப்ஷன் மாலையும் மறுநாள் காலையும் ஒரு நாளா, இரண்டு நாளா என்பதையும் கேளுங்கள், அங்கே ஒரு வாடகை கூடுதலாக நுழையும். பெட்டி இரண்டு நாள் முன்னால் வர வேண்டும், முடியாது என்றால் வேறு கடை. திறக்கும்போதே முன், பின் இரண்டு பக்கமும் வீடியோ எடுத்து, ஏற்கெனவே விழுந்திருக்கும் கல்லின் குழிகளை நெருக்கமாகக் காட்டி, அப்போதே கடைக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட் தராமல் இழுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் போட்ட ரசீதையும் சாட்டையும் அழிக்காதீர்கள்.

மேலே சொன்ன கல்யாணத்தில் இப்படி எந்த வீடியோவும் எடுக்கவில்லை. காப்பாற்றியது போட்டோகிராபர். அலங்காரத்துக்கு முன்னால் நகைகளைத் தாம்பாளத்தில் பரப்பி அழகுக்காக ஒரு படம் எடுப்பார்களே, அதைப் பெரிதாக்கினால் மூன்று குழியும் தெரிந்தன, காலை 4.52 என்ற நேரத்தோடு. அதை அனுப்பியதும் கல்லுக்குப் பிடித்த 1,700 திரும்பி வந்தது. கொக்கிக்குப் பிடித்த 500 வரவேயில்லை. அந்தக் கொக்கி படத்தில் ராக்கொடிக்கு அடியில் மறைந்திருந்தது.