ஆப்லெட்டுக்கு ஃபைலைத் திறந்துவிட: பாலிசி ஃபைலா, கையெழுத்திட்ட ஜாரா?

ஜாவா ஆப்லெட், அதாவது வலைப்பக்கத்தோடு வந்து பிரவுசருக்குள் ஓடிய சின்ன ஜாவா புரோகிராம், நம் கணினியிலுள்ள ஒரு ஃபைலைத் தொடப் போனால், கன்சோலில் 'அக்சஸ் டினைடு' என்று வந்து நின்றுவிடும். புரோகிராமில் தப்பு எதுவும் இல்லை. ஆப்லெட் சாண்ட்பாக்ஸுக்குள்தான், அதாவது கணினியின் மற்ற பகுதிகளைத் தொட முடியாத வேலிக்குள்தான், ஓட வேண்டும் என்பது 1996-இல் ஜாவாவின் முதல் பதிப்பான ஜேடிகே 1.0 வந்தபோதே வைத்த விதி. அதைத் தளர்த்த, ஜாரில் (ஆப்லெட்டின் ஃபைல்களைக் கட்டிய தொகுப்பு) டிஜிட்டல் கையெழுத்திடும் வழி 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது, எதற்கு என்ன அனுமதி என்று எழுதிவைக்கும் பாலிசி ஃபைல் 1998-இல் 1.2-உடன் வந்தது. இரண்டுமே ஆப்லெட்டை ஃபைல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எவ்வளவு தூரம் திறந்துவிடுகிறோம் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது பாலிசி ஃபைல்தான். இந்த முகவரியிலிருந்து வரும் ஆப்லெட், இந்த ஃபோல்டரை, படிக்க மட்டும் செய்யலாம் என்று வரிக்கு வரி எழுதிவிடலாம். ஜாவாவின் செக்யூரிட்டி ஃபோல்டரில் உள்ள ஃபைலில் எழுதினால் அந்தக் கணினிக்கே பொருந்தும்; பயனரின் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு வைத்தால் அவருக்கு மட்டும்.

ஆனால் ஒரு எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. ஸ்கேன் செய்த பில்களை டி டிரைவிலிருந்து எடுத்து அனுப்பும் ஆப்லெட் ஒன்றை ஒரு சின்ன அலுவலகத்தில் ஆறு கணினிகளில் அமைத்தேன். அரை நாள் போனது. முகவரியை வெறும் சாய்கோட்டோடு முடித்திருந்தேன். அப்படி முடித்தால் தனித்தனியாக இருக்கும் கிளாஸ் ஃபைல்களுக்கு (கம்பைல் செய்த ஜாவா) மட்டுமே அனுமதி, ஜாருக்குக் கிடையாது. சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரக்குறி போட்டால் ஜாரும் சேரும். சிறுகோடு போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் சேரும். விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்கோட்டை இரண்டிரண்டாக எழுத வேண்டும். நோட்பேடோ கேட்காமலே பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். இத்தனையையும் ஆறு கணினியில் சரிபார்த்துவிடலாம், அறுநூறில் முடியாது.

அங்கேதான் கையெழுத்து ஜெயிக்கிறது. ஜாவாவோடு வரும் கீடூல் என்ற கருவியில் சாவி, ஜார்சைனர் என்ற கருவியில் கையெழுத்து, அவ்வளவுதான். பயனர் 'ரன்' என்று ஒருமுறை அழுத்தினால் போதும். ஆனால் அந்த ஒரு அழுத்தலில் ஆப்லெட்டுக்கு அவருடைய ஃபைல்கள் மொத்தமும் திறந்துவிடுகின்றன. ஒரு பில்லைப் படிக்க வந்தவருக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. எதற்கு அழுத்துகிறோம் என்று தெரியாமலே அழுத்தியவர்கள்தான் அதிகம்.

2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 இதை இறுக்கியது. நாமே போட்டுக்கொண்ட கையெழுத்து செல்லாது என்றானது. ஜாரின் விவரக்குறிப்பான மேனிஃபெஸ்டில், எவ்வளவு அனுமதி வேண்டும் என்று சொல்லும் பெர்மிஷன்ஸ் வரியும் கட்டாயமானது. கையெழுத்தில்லாத ஆப்லெட்டும் தடுக்கப்பட்டதால், பாலிசி ஃபைலை நம்பியவர்களும் ஜாவா அமைப்புகளில் உள்ள விதிவிலக்குத் தளப் பட்டியலில் முகவரியைச் சேர்க்க வேண்டி வந்தது. அப்புறம் இன்னொன்று: கையெழுத்திட்ட ஆப்லெட்டின் மெத்தடை வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கூப்பிட்டால் மறுபடியும் 'அக்சஸ் டினைடு' வரும். கூப்பிடும் பக்கம் நம்பிக்கைக்குரியது அல்ல என்பதால், ஃபைலைத் திறக்கும் வரிகளை, ஆப்லெட்டின் சொந்த அனுமதியில் ஓடவைக்கும் டூபிரிவிலேஜ்டு என்ற மெத்தடுக்குள் வைக்க வேண்டும்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத மூன்றாவது வழி, வலையிலிருந்து ஜாவா புரோகிராமைத் தொடங்கும் முறையான ஜேஎன்எல்பியின் ஃபைல்ஓபன்சர்வீஸ். ஜாவா 6 அப்டேட் 10 முதல் ஆப்லெட்டிலும் இது கிடைத்தது. அப்டேட் 51 வரும்வரை கையெழுத்தும் வேண்டாம், பாலிசியும் வேண்டாம். ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். பயனர் எதைத் தொட்டாரோ அது மட்டும் ஆப்லெட்டுக்குப் போகும். தானாக ஃபோல்டரைத் துழாவ வேண்டாத வேலைக்கு இதைவிட நேர்த்தியான வழி அன்று இல்லை.

இன்றைய பிரவுசர்களும் அந்தத் திசையில்தான் வந்திருக்கின்றன. குரோம் 45, ஃபயர்ஃபாக்ஸ் 52 ஆகியவற்றோடு, ஆப்லெட்டை ஓட்டிய ஜாவா பிளகின் அங்கே முடிந்தது. ஜாவா 11-இல் பிளகினே நீக்கப்பட்டது. 2020-இல் குரோம் 86-உடன் வந்த ஃபைல் சிஸ்டம் அக்சஸ் வசதியில் பயனரே ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டுகிறார். எழுதுவதற்குத் தனியாக அனுமதி கேட்கப்படுகிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இந்தத் தேர்வுப்பெட்டி இல்லை. அங்கே சாதாரண ஃபைல் அப்லோடு பொத்தானோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ஆப்லெட் பக்கமே போகாதீர்கள். பழைய ஆப்லெட்டை இன்னும் சில நாள் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். பாலிசி ஃபைலில் ஒரே ஒரு ஃபோல்டரை, படிக்க மட்டும் என்று எழுதுங்கள்.