குளச்சல் வீட்டுக்கு லைட், ஃபேன் வேலை பாத்த ஆள் எப்படி?

நேரத்துக்கு வர மாட்டார். முதல்லயே சொல்லிடுறேன். காலையில ஒம்பதுன்னா பதினொண்ணு. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நடக்கிற நவம்பர் கடைசியில போனையே எடுக்க மாட்டார். ஆனா எங்க ஹாலுக்கு புதுசா எல்இடி லைட்டும் ஃபேனும் மாட்டி சுவிட்ச் போட்டுத் தந்த விதத்தைப் பாத்தப்புறம் வேற ஆளைக் கூப்பிட மனசு வரலை.

வந்ததும் டிரில்லை எடுக்கலை. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பழைய ஹோல்டர்ல டெஸ்டர் வச்சார். சுவிட்ச் ஆஃப்ல இருந்தும் டெஸ்டர் லைட் எரிஞ்சுது, அங்க கரண்ட் இருக்குன்னு அர்த்தம்! "அக்கா, முன்னாடி வேலை செஞ்சவங்க நியூட்ரலை, அதான் கரண்ட் திரும்பிப் போற ஒயரை, சுவிட்ச் வழியா விட்டிருக்காங்க. கரண்ட் வர்ற ஃபேஸ் ஒயர் எப்பவும் ஹோல்டர்லயே நிக்குது." அணைச்ச பிறகும் எங்க பல்பு ராத்திரி மங்கலா மினுங்கினது அதனாலதான். ஆஃப்ல இருக்குன்னு நம்பி பல்பு மாத்த ஏறுறவங்களுக்கு ஷாக் அடிக்கிறதும் இப்படித்தான். எல்லாத்தையும் மாத்தி, ஃபேஸ் சுவிட்ச் வழியா போற மாதிரி செஞ்சார்.

கடலோரத்து வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உப்புக்காத்துல பழைய ஒயர் நுனியெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடந்துது. அதை அப்படியே புது சுவிட்சுல சொருகிட்டுப் போற ஆளுங்க உண்டு. கனெக்‌ஷன் சரியா பிடிக்காம சூடேறி சுவிட்ச் கருகினா நம்ம தலையெழுத்து. இவர் கெட்டுப்போன நீளத்தை வெட்டித் தள்ளி, புதுசா சீவி, செம்புக் கம்பியை ரெண்டா மடிச்சு சுவிட்ச் டெர்மினல்ல விட்டு ஸ்க்ரூவை முறுக்கினார். இழுத்துப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார்.

ஃபேன் பிஎல்டிசி, அதாவது உள்ள எலக்ட்ரானிக் சர்க்யூட் வச்சு கம்மி கரண்ட்ல ஓடுறது. சாதா ஃபேன் 75 வாட் கிட்ட இழுக்கும், இது 30 சொச்சம்தான். ரெகுலேட்டர் இல்லாம என்ன ஃபேன்னு அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். "அம்மா, கூட்டுறது குறைக்கிறது எல்லாம் ரிமோட்டுலதான். ரெகுலேட்டர் வழியா கரண்ட் விட்டா உள்ள இருக்க சர்க்யூட் போயிரும், பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லி, அந்த இடத்தை வெறும் பிளேட் வச்சு மூடிட்டார். ரெகுலேட்டரை வித்துக் காசு பாக்கத் தெரியாத மனுஷன்.

அம்மா கட்டில்ல இருந்தே அவங்க ரூம் லைட்டை அணைக்க டூவே சுவிட்ச் கேட்டிருந்தோம். கதவுப் பக்கம் ஒண்ணு, கட்டில் பக்கம் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு ஒயர் ஓடணும். அதுக்குச் சுவரை வெட்டினார். வெட்டின தடத்தைப் பூசித் தர மாட்டாராம். கொத்தனாருக்குத் தனியா அலையணும். இதை முன்னாலயே சொல்லியிருக்கலாம்.

சாமானுக்கு லிஸ்ட் எழுதித் தந்து நம்மளையே வாங்கிக்கிடச் சொல்வார். லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் மி.மீ. ஒயர், ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சைன்னு தெளிவா இருந்துது. பில்லு நம்ம கையிலயே இருக்கும். மெயின்ல கரண்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒண்ணு போடணும்னும் சொல்லியிருக்கார். ஆனிச் சாரல் பிடிக்கிறதுக்கு முந்தி அதையும் அவரை வச்சே முடிக்கப் போறோம்.