சுங்கை சிப்புட் பழைய சாமான் கடையும் துப்பாக்கி எண்ணெய் டின்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் நகரில் கடைவரிசை முடியும் இடத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, ஸ்டோர் அறைகள் காலியானபோது வெளியே வந்த பொருள்களே அங்கே பெரும்பகுதி. பால் மங்கு, வாளி, தராசு என்று தேடி வருபவர்கள் முன்பக்கத்திலேயே திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். நான் போவது பின்சுவர் அலமாரியின் மூன்றாம் தட்டுக்காக. துப்பாக்கியைத் துடைக்கவும் துருப்பிடிக்காமல் காக்கவும் ஒரு காலத்தில் பயன்பட்ட எண்ணெய் டின்கள், சீசாக்கள், கயிறுகள் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை போய்வந்தபின் இதை எழுதுகிறேன்.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், சேகரிப்பவர்கள் டின்னோடும் சீசாவோடும் நின்றுகொள்வதே நல்லது. கடைக்காரரும் இதில் கண்டிப்பானவர். தோட்டாவைப் பற்றி யாராவது விசாரித்தால் வாசலைக் காட்டிவிடுவார்.

அங்கே நான் முதலில் வாங்கியது, விரல் நீளமுள்ள ஒரு பித்தளை எண்ணெய்ச் சீசா. விலை 35 வெள்ளி (ரிங்கிட்). மூடியைத் திருகினால் அதோடு ஒட்டிய சிறு கரண்டி ஒன்று வெளியே வரும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எடுப்பதற்கான ஏற்பாடு அது. பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒரு சிறு கதவு உண்டு. இந்தச் சீசாவும், முனையில் பித்தளைக் குண்டு கட்டிய ஒரு கயிறும் அதற்குள்தான் இருக்கும். குண்டைக் குழலின் ஒரு முனையில் போட்டு மறுமுனையில் இழுத்தால், கயிற்றின் வளையத்தில் செருகிய துணி குழலைத் துடைத்துக்கொண்டு வரும். துணி 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்பதால் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதை ‘ஃபோர் பை டூ’ என்றே அழைத்தார்கள்.

இது இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்கள் பலரின் கைகளில் இத்தகைய துப்பாக்கிகள் இருந்தன. துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. சீசாக்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, இந்தச் சேகரிப்பின் சுவையே அங்குதான் இருக்கிறது. அக்காலத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவாக, குழலின் உட்சுவரில் படிந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ள, நம் ஊர்ப் புழுக்கத்தில் இரும்பு வெகு விரைவில் துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மூடி மட்டுமே வைக்கும். எனவே சிப்பாய்கள் முதலில் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றி, துடைத்து, அதன்பின்னரே எண்ணெய் பூசினார்கள்.

இதே சிக்கலை ஒரே டின்னில் தீர்க்க முயன்றது ஜெர்மானியப் படைக்காக 1904-இல் உருவான பாலிஸ்டால் என்ற எண்ணெய். அதில் நீர் கலந்தால் ரப்பர் பால்போல வெண்மையாகிவிடும். நீர் உப்பைக் கரைத்துவிட்டு உலர்ந்துபோக, எண்ணெய் மட்டும் இரும்பில் தங்கும். மூன்றாம் தட்டில் ஒரு பாலிஸ்டால் டின் இருக்கிறது. அது பழையதன்று, அளவு மில்லி லிட்டரில் அச்சிடப்பட்டிருக்கிறது. பழைய ஆங்கிலேய டின்களில் அளவு அவுன்ஸில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

பிரிட்டிஷ் படை நெடுங்காலம் பயன்படுத்திய எண்ணெயின் பெயர் ரங்கூன் எண்ணெய். பர்மாவில் எடுத்த கச்சா எண்ணெயிலிருந்து வந்த பெயர் அது. பாட்டன் காலத்தில் ரங்கூனுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பெயரை ஒரு டின்னின் மேல் படிக்கும்போது ஏற்படும் உணர்வை விலையில் சேர்க்காமல் இருந்ததற்குக் கடைக்காரருக்கு நன்றி.

போருக்கான பொருள்களைவிட இலக்குச் சுடுதலுக்கான பொருள்களே எனக்கு நெருக்கமானவை. 1859-இல் இங்கிலாந்தில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் திடலில் நடந்த முதல் போட்டியை, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கஜத் தொலைவிலிருந்த இலக்கைச் சுட்டு விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தார். 1890-இல் போட்டிகள் பிஸ்லி என்ற ஊருக்கு மாறின. அதன்பின் ‘பிஸ்லி’ என்ற சொல் துல்லியத்துக்கு ஒரு முத்திரையாகிவிட்டது. பர்மிங்ஹாமில் துப்பாக்கித் துணைப்பொருள்கள் தயாரித்த பார்க்கர்-ஹேல் நிறுவனம் தன் தொழிற்சாலைக்கே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. டின்னில் ‘ஏ. ஜி. பார்க்கர்’ என்று மட்டும் இருந்தால் அது 1930-களுக்கோ அதற்கு முன்போ உரியது. ‘ஹேல்’ பின்னர் சேர்ந்த பெயர்.

பிஸ்லியோடு தொடர்புடைய இன்னொரு பொருளைக் கடைக்காரர் அறியாமலே வைத்திருந்தார். அது பால்மரம் வெட்டப் போனவர்கள் தலையில் கட்டிய கார்பைட் விளக்கு. கார்பைட் கல்லில் நீர் சொட்டி எழும் வாயு புகைந்து எரிந்தால் கரி படியும். போட்டிக்கு முன் குறிபார்க்க உதவும் துப்பாக்கியின் முன்குறியில் வெயில் பளபளக்காமல் இருக்க, இலக்குச் சுடுபவர்கள் அந்தக் கரியைத்தான் படியவிட்டார்கள். இதைச் சொன்னதும் அவர் விளக்கை முன்பக்கத்திலிருந்து மூன்றாம் தட்டுக்கு மாற்றிவிட்டார். விலையும் 10 வெள்ளி ஏறிவிட்டது; வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

1920-களின் இறுதியில் அரிக்காத தீமூட்டிக் கலவை சந்தைக்கு வந்தபின் இலக்குச் சுடுபவர்களுக்குக் கொதிநீர் வேலை குறைந்தது. பிரிட்டிஷ் இராணுவத் தோட்டாவில் அந்த மாற்றம் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் போட்டியிட்ட நம் நூர் சுர்யானியின் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு வெடிமருந்தும் இல்லை, உப்பும் இல்லை.

இனி குறை. கடையில் வரும் பித்தளை எதுவானாலும் கடைக்காரரின் மனைவி குத்துவிளக்கைப்போல் புளி போட்டுத் துலக்கிவிடுகிறார். நான் வாங்கிய இரண்டாவது சீசாவில் பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளமான அம்புக்குறியும் தயாரிப்பாளரின் எழுத்துகளும் பாதி தேய்ந்துபோயிருந்தன. சேகரிப்பவருக்கு அந்தக் குறிதான் பொருள். மின்னுவது வெறும் பித்தளை. “பளபளன்னு இருந்தாத்தானே தம்பி, வாங்குறவங்க கையில எடுப்பாங்க?” என்றார் கடைக்காரர். “எனக்கு அழுக்கோடயே எடுத்து வைங்க ஐயா, அதே விலை தர்றேன்” என்றேன். நம்பாமல் சிரித்தார். ஆனாலும் மறுமுறை போனபோது ஒரு பிஸ்கட் டின்னில், துடைக்காத இரண்டு சீசாக்களைத் தனியே எடுத்துவைத்திருந்தார்.

டின்களை மட்டும் நேரில் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே எண்ணெய் மீதமிருந்தால் கொட்டச் சொல்லாதீர்கள். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்காதீர்கள், பழைய கரைப்பான்களில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விலையில் ஐந்து வெள்ளிக்குமேல் குறைக்க மாட்டார். திங்களன்று கடை கிடையாது.

சென்ற மாதம் போனபோது, சிவப்புக் கோடு போட்ட ‘ஃபோர் பை டூ’ துணிச் சுருள் ஒன்று பின்கட்டில் இருந்தது. சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில், அடுத்து ஊறவைக்க வேண்டிய துணிகளோடு கிடந்தது. 20 வெள்ளி என்றார். பேரம் பேச அவகாசம் இல்லை.