கேஜ் காட்டும் 90, ரெஞ்சுக்கு வரும் 55

என்னிடம் இருக்கும் அதே மாடல் ஏர் கம்ப்ரஸரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று மச்சான் கேட்கிறார். 2 ஹெச்பி, 50 லிட்டர் டேங்க், தெரிந்த சரக்குதான். திருநகரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று வருஷமாக ஓடுகிறது. சித்திரை வெயிலில்கூட மோட்டார் மக்கர் பண்ணியதில்லை. சத்தம் உண்டு, பக்கத்து வீட்டு அத்தை மதியம் தூங்கி எழுந்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம்.

என் கோபமெல்லாம் கூடவே வந்த சுருள் ஹோஸ் மேல். அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்சை (காற்றழுத்தத்தில் தட்டித் தட்டி நட்டைச் சுழற்றும் கருவி) மாட்டி, கார் வீல் நட்டில் வைத்தால் டொக் டொக்கென்று இருமும். நட்டு அசையாது. கம்ப்ரஸரில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் கேஜோ 90 பிஎஸ்ஐ என்று சாதிக்கும். காற்று ஓடாமல் நிற்கும்போது ஊசித்துளைக் குழாயிலும் 90 காட்டத்தானே செய்யும்! சிம்மக்கல்லில் ஒரு சின்ன கேஜும் டீ பிட்டிங்கும் வாங்கி ரெஞ்சின் அடியிலேயே பொருத்தினேன். டிரிகரை அழுத்தியதும் முள் 90இலிருந்து 55க்கு விழுந்தது. ரெஞ்சில் எழுதியிருக்கும் 90, அது சுற்றிக்கொண்டிருக்கும்போது கிடைக்க வேண்டிய அழுத்தம்.

சுருள் ஹோஸின் உள்விட்டம் 5 மி.மீ. உள்விட்டம் பாதியானால், அதே அளவு காற்றுக்கு அழுத்த இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். 10 மி.மீ. ரப்பர் ஹோஸ் போட்டேன். முள் 78இல் நின்றது. ஹோஸை மாட்டிக் கழற்றும் கால் இஞ்ச் குவிக் கப்ளரைக் கழற்றி, பெரிய துளை உள்ளதாக மாற்றியதும் 84. ரெகுலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன், கதை முடிந்தது. இப்போது நட்டு சொன்ன பேச்சு கேட்கிறது.

காற்றில் ஓடும் தேய்ப்பு மெஷினான சாண்டருக்கு மட்டும் எந்த ஹோஸ் போட்டாலும் போதாது. அது விடாமல் காற்றைக் குடிக்கும். கம்ப்ரஸர் பெட்டியில் அச்சடித்திருக்கும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) பிஸ்டன் இழுக்கும் கணக்கு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. கொஞ்சம் தேய், டேங்க் நிரம்பும்வரை டீ குடி, அப்புறம் தேய். அப்படியே டேங்க் அடியில் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடலாம். ஐப்பசி மழையில் துருத் தண்ணீர் டம்ளர் கணக்கில் வரும்.

மெஷின் நல்ல மெஷின், சந்தேகமில்லை. ஆனாலும் மச்சானிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவ்வளவு காசு வாங்கிக்கொண்டு அந்த ஹோஸை இலவசம் என்று தலையில் கட்டியவர்களுக்கு என் வாயால் இன்னொரு வியாபாரம் நடக்க வேண்டாம். அவர் எப்படியும் வாங்கத்தான் போகிறார். ஹோஸுக்கும் கப்ளருக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.