கிட்டின் டெஸ்ட் சூட்: ஷெல்லில் எழுதியது, ஏமாற்றுவது கடினம்

மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் (Git) மூலநிரலை இறக்கி அதன் சோதனை ஃபோல்டரைத் திறந்தால் சுமார் ஆயிரம் ஷெல் ஸ்கிரிப்டுகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றின் பெயரிலும் நான்கு இலக்க எண். முதல் இலக்கம் துறையைச் சொல்லும்: 4 என்றால் டிஃப் (வித்தியாசம் காட்டுவது), 5 என்றால் புல், புஷ் வகையறா. எல்லாவற்றுக்கும் அடித்தளம் 'டெஸ்ட்-லிப்' என்ற ஷெல் நூலகம். கிட் ஹூக் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்), மைக்ரேஷன் கருவி போன்றவற்றை எழுதுபவர்கள் இதைக் கைக்கொள்ளலாமா என்று பார்ப்போம்.

கமிட் என்பது கிட்டில் பதிந்த ஒரு மாற்றம், ஹேஷ் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். அந்தக் கணக்கில் நேரமும் அடக்கம். கடிகாரத்தை அதன் போக்கில் விட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஹேஷ் மாறும். ஒரே நொடியில் விழுந்த இரு கமிட்டுகள் லாகில் முன்பின்னாகவும் வரலாம். 'டெஸ்ட்_டிக்' இதைக் கட்டிப்போடுகிறது: முதல் அழைப்பில் நேரம் 1112911993, பிறகு அழைப்புக்கு 60 நொடி கூடும். அந்த எண் 2005 ஏப்ரல் 7. கிட்டின் சொந்த வரலாற்றில் கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இட்ட முதல் கமிட்டின் அதே நொடி. குறும்புதான், ஆனால் உதவும் குறும்பு: தோற்றுப்போன சோதனையின் லாகில் இந்த வருடத் தேதி தென்பட்டால் டிக்கை யாரோ மறந்திருக்கிறார்கள். நேர மண்டலம், மொழி அமைப்பு, ஹோம் ஃபோல்டர் ஆகியவற்றையும் நூலகமே நிர்ணயிப்பதால் உங்கள் சொந்த கிட் கான்ஃபிக் உள்ளே கசியாது. சோதனை ஓடும் தற்காலிக ஃபோல்டரின் பெயரில் வேண்டுமென்றே ஒரு இடைவெளி உண்டு. மேற்கோள்குறி போட மறந்த ஸ்கிரிப்ட் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஷெல் சோதனையின் தீராத வியாதி, நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை வென்றால் எல்லாம் 'ஓகே' ஆகிவிடுவது. அதனால் ஒவ்வொரு வரியும் && (முன்னது வென்றால்தான் அடுத்தது ஓடும் என்னும் குறி) போட்டுத் தொடர வேண்டும். விட்டுப்போனதைப் பிடிக்கும் உத்தி அழகானது. சோதனையின் தலையில் 117 என்ற குறியீட்டோடு தோற்கும் ஒரு கட்டளையை ஒட்டி ஓடவிடுவார்கள். சங்கிலி முழுதாக இருந்தால் எதுவும் ஓடாமல் அதே 117 வெளியே வரும். வேறு எண் வந்தால் எங்கோ கண்ணி அறுந்திருக்கிறது. சப்ஷெல்லுக்கும் லூப்புக்கும் உள்ளே இதற்குக் கண் தெரியாது. அதற்கென்று பெர்லில் எழுதிய தனி லின்டர் (ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் நிரல்) சேர்ந்திருக்கிறது.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பும் இதே மாதிரி ஏமாற்றும். கிட் லாகை நேரே சொல் தேடும் கிரெப்புக்கு அனுப்பினால், கிட் கிராஷ் ஆனாலும் கிரெப்பின் வெற்றி மட்டுமே எண்ணப்படும். வெளியீட்டை முதலில் ஒரு ஃபைலில் எழுதி, எதிர்பார்த்ததோடு 'டெஸ்ட்_சிஎம்பி' வைத்து ஒப்பிடுவதே சரி. பொருந்தாவிட்டால் வித்தியாசத்தையும் காட்டும். தோற்க வேண்டிய கட்டளைக்கு முன் ஆச்சரியக்குறி போட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்னும் கிராஷும் வெற்றியாகிவிடும். 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' அப்படியல்ல. 139 போன்ற சிக்னல் குறியீடுகளையும், கட்டளையே இல்லை என்னும் 127-ஐயும் ஏற்காது.

நூறில் ஒருமுறை தோற்கும் சோதனைதான் உண்மையான தலைவலி. 'ஸ்ட்ரெஸ்' தெரிவு ஒரே ஸ்கிரிப்டைப் பல பிரதிகளாக, ஏதாவது ஒன்று தோற்கும்வரை ஓட்டும். பெரும்பாலும் சிக்குவது ஃபைலின் மாற்ற நேரம்: இன்டெக்ஸை (கிட் ஃபைல்களின் நிலையைக் குறித்துவைக்கும் பட்டியல்) எழுதிய அதே கணத்தில் ஃபைலும் மாறினால், கிட் நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தைப் படிக்கப் போகும், சோதனை வேறு வழியில் நடக்கும். இதற்கு 'ஸ்லீப்' போடுவது மருந்தல்ல. சோதனைக் கருவியிலுள்ள 'சிஹெச்எம்டைம்' கொண்டு ஃபைலின் நேரத்தைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளுங்கள். இன்னொன்று, பின்னணியில் பிரிந்து ஓடும் குப்பை சேகரிப்பு. தற்காலிக ஃபோல்டரை அழிக்கும்போது அது உள்ளே எழுதிக்கொண்டிருந்தால் அழிப்பு தோற்கும். நூலகம் சற்றுப் பொறுத்து மறுபடி அழித்துப் பார்க்கும். அதை நம்பியிராமல் தானியங்கிப் பிரிதலை அணைத்துவிடுவது மேல்.

குறைகளும் சிறியவையல்ல. ஒரு ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் சோதனைகள் ஒரே ரெப்போவை (கிட் களஞ்சியம்) பங்குபோடுகின்றன. பதினேழாவதை மட்டும் ஓட்ட நினைத்தால் மூன்றாவதில் உருவான கிளை இருக்காது. 'டெஸ்ட்_வென்_ஃபினிஷ்ட்' கொண்டு துடைப்பது எழுதுபவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. 'டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_ஃபெயிலியர்' இன்னும் மோசம்: தெரிந்த பிழை என்று குறித்த சோதனை, எழுத்துப்பிழையால் தோற்றாலும் வாயைத் திறக்காது. கையொப்பமிடும் கருவியான ஜிபிஜி நிறுவாத கணினியில் கையொப்பச் சோதனைகள் தாவப்பட்டு, முடிவு பச்சையாகவே வரும். விண்டோஸில் புராசஸ் தொடங்குவதே பாரம் என்பதால் வேகம் பரிதாபம். கிட்டின் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அங்கே இந்தத் தொகுப்பைப் பத்துத் துண்டுகளாக வெட்டி ஓட்டுகிறது.

உங்கள் கருவி கட்டளைவரியில் ஓடுவது, லினக்ஸில் மட்டும் போதும் என்றால் இதிலிருந்து பிரித்தெடுத்த 'ஷார்னெஸ்' நூலகத்தைத் தயங்காமல் எடுக்கலாம். உரிமம் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, கவனம். உள் ஃபங்ஷன்களைச் சோதிக்க இது வேண்டாம். கிட் குழுவே அந்த வேலைக்கு சி மொழியில் தனி யூனிட் டெஸ்டுகள் எழுதுகிறது.