பஸ்ஸுக்கு நாலு ஸ்டார், ஸ்டாப்புக்குப் போகிற வழிக்கு ஒன்று

நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகம், பேர் வேண்டாம். உள்ளே ஓடுகிற ஷட்டில் பஸ்ஸில் இரண்டு வருஷமாகப் போய்வருகிறேன். பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது, டிக்கெட் கிடையாது, கால்மணிக்கு ஒரு வண்டி, யாராவது ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் டிரைவர் அண்ணன் நிறுத்திவிடுவார்.

ஸ்டாப்புக்கு நடந்து போவதுதான் பாடு.

லைப்ரரி வாசலில் நின்றால் ஸ்டாப் கண்ணெதிரே தெரியும், ஆனால் நடுவில் செம்பருத்தி வேலி, அதைத் தாண்டினால் மூடியில்லாத ஓடை, அதனால் பைக் நிறுத்துகிற இடத்தையெல்லாம் சுற்றி ரோட்டு ஓரமாகவே போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணி, ஓடைமேல் ஒரு பலகையும் போட்டார்கள். தோட்டக்காரர் அடைத்தார், மறுநாளே பிரித்தார்கள், இப்படியே நடக்கிறது.

ஹாஸ்டல் ஸ்டாப் இன்னும் மோசம். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கூரை போட்டிருக்கிறார்கள், சரி, அந்தக் கூரைக்குப் போகிற செம்மண் பாதையில் கணுக்கால் அளவு வெள்ளம் நிற்கிறதே! ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு, குடையைப் பிடிப்பதா செருப்பைப் பிடிப்பதா என்று ஆகிவிடும்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள், மூட்டுவலிக்காரி. ஸ்டாப்பில் நடைபாதையின் ஓரக்கல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் இருக்கிறது, கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். "மக்கா, இதுக்கு நடந்தே போயிருக்கலாம்லா" என்றாள். சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டராவது அகலம் வேண்டும். இங்கே அந்த அகலத்தில் பாதியை விளக்குக் கம்பமும் குப்பைத் தொட்டியும் எடுத்துக்கொண்டன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கட்டடம் மட்டுமில்லை, வளாகமும் எல்லாரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் இந்த ஸ்டாப்பில் எப்படி ஏறுவார் என்று எனக்குப் புரியவில்லை.

எழுதிக் கொடுத்தேன். ஸ்டாப்புக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். நான் கேட்டது ஓடைக்கு இரண்டு சிலாப், வேலியில் ஒரு திறப்பு, ஓரக்கல்லை ஓரிடத்தில் சரிவாக இறக்குவது, அவ்வளவுதான்.

புதிதாகச் சேருகிறவர்கள் கேன்டீன் முன்னால் இருக்கிற ஸ்டாப்பில் ஏறுங்கள். கொஞ்சம் கூட நடக்கணும், ஆனால் தரை சமம், வெள்ளமும் கட்டாது, பஸ் வர நேரமானால் சாயாவும் குடிக்கலாம்.