ஏற்காட்டு வீட்டில் கேஸ் கீசர்: மாட்ட வந்தவர்களும் மாட்டிய விதமும்

ஏற்காட்டில் கேஸ் கீசர் வாங்குவது பெரிய விஷயமில்லை, சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒழுங்காக மாட்டித் தர ஆள் பிடிப்பதுதான் பாடு. நாகலூர் பக்கம் எங்கள் வீட்டில் 2021-ல் போட்ட கீசர் இன்றும் நன்றாக ஓடுகிறது. கம்பெனியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதும். மாட்டியவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில், ஏன் கேஸ் என்று கேட்பவர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சவுக்கோ சில்வர் ஓக்கோ கம்பி மேல் சாய்ந்தால் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற நாளிலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும். சோலார் வைக்கலாமென்றால் பனிமூட்டம். விறகு பாய்லர் இருந்தது. ஈர விறகோடு மல்லுக்கட்ட அப்பாவுக்கு வயதாகிவிட்டது.

முதலில் வந்தவர் கடைக்காரர் சேலத்திலிருந்து அனுப்பிய ஆள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த அவசரமோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. குளியலறைக்குள், வாளிக்கு நேர் மேலே நான்கு ஸ்க்ரூ அடித்து மாட்டிவிட்டார். புகை எங்கே போகும் என்று கேட்டதற்கு, "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கோங்க சார், இல்லன்னா எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க" என்றார். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதைப் பற்ற வைக்காமல் காப்பாற்றியது கேஸ் ஏஜென்சி மெக்கானிக். சமையல் சிலிண்டரைத் தொட வேண்டாம், கீசருக்கு 19 கிலோ கனெக்‌ஷன் தனியாக எடுங்கள் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். அதைக் கொடுக்க வந்தவர் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"இதுக்கு நான் கனெக்‌ஷன் குடுக்க மாட்டேன் சார்."

"ஃபேன் போட்டுட்டா?"

"கரண்டு போனா ஃபேன் ஓடுமா? கரண்டு போறதுக்குத்தானே கேஸ் போடுறீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து, எரிவது அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை எடுத்துப் போகிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு என்று தொடங்கி, கதவைத் திறக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே விழுந்துவிடுவார்கள். வருடாவருடம் குளிர்காலத்தில் பேப்பரில் வரும் குளியலறைச் சாவுகள் பல இப்படித்தான். மலையில் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் காற்று கடற்கரையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு. கீசரில் எரியும் தீக்கும் அதே கணக்குதான்.

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். அங்கே வீட்டு பாய்லரைத் தொட 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்கும் ஆளுக்குத்தான் சட்டப்படி அனுமதி. அவர் காட்டும் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், எந்தெந்த கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று பின்பக்கம் எழுதியிருக்குமாம். இங்கே கீசர் மாட்ட வருபவரிடம் அட்டை கேட்டால் சிரிப்பார். இங்கே வேலை மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது: தண்ணீர்க் குழாய் பிளம்பருக்கு, சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஏஜென்சி மெக்கானிக்குக்கு, கீசர் கம்பெனி சர்வீஸ்காரருக்கு. புகை யாருடைய பொறுப்பு என்று கேட்டால் மூவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். நானே நடுவில் நின்று ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த மெக்கானிக் சொல்லித்தான் ஒண்டிக்கடை பக்கத்து பிளம்பர் ஒருவர் வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது சான்றிதழால் அல்ல, அவர் கேட்ட கேள்விகளால். கூலி பேசுவதற்கு முன்பே டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். கீசர் பற்றிக்கொள்வதே தண்ணீர் அழுத்தத்தால்தான். மொட்டை மாடி டேங்க் மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் (bar) மட்டும், சில கீசர் அதற்கு மல்லுக்கட்டும். எங்களுடையது சரிவில் இருக்கும் வீடு. மேல்மேட்டில் சிமென்ட் மேடை கட்டி டேங்க்கை அங்கே வைக்கச் சொன்னார். பம்ப் வாங்கும் செலவு மிச்சம்.

கீசரைப் பின்பக்கத் திறந்த தாழ்வாரத்துச் சுவருக்கு மாற்றினார். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது, அதற்கு வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், மேலே ஃபோம் உறை. சிலிண்டரை நான் காட்டிய இடத்தில் வைக்கவும் மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்குக் கீழே காபிக்கொட்டை மூட்டை போடும் அறை இருக்கிறது, எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் இறங்கிப் போய் அங்கேதான் தேங்கும். சரிவு வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆள் வந்தால் அப்போதே கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கூலி, குழாய், மேடை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கீசர் விலையைத் தாண்டிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. முதலில் வந்தவருக்குக் கொடுத்ததுதான் தண்டம்.

இத்தனை வருட ஓட்டத்தில் கண்டது: நிமிடத்துக்கு ஆறு லிட்டர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வரும் தண்ணீரே ஜில்லென்று இருப்பதால் ஓட்டத்தைக் குறைத்தால்தான் சூடு கிடைக்கும். முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் செலவு. மழைக்காலத்தில் செம்மண் கலங்கி வந்து உள்ளே போகும் வாயில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொள்ளும். கீசர் பற்றாவிட்டால் முதலில் அதையும் தீப்பொறிக்குப் போடும் பெரிய பேட்டரி செல் இரண்டையும் பாருங்கள், சர்வீஸுக்கு போன் போடுவது அப்புறம். ஆடி மாதக் காற்றில் தீ அணைந்துகொண்டே இருந்தது, பக்கவாட்டில் தகரம் அடித்தபின் சரியானது. தகரத்தின் மேலும் கீழும் திறந்தே இருக்க வேண்டும் என்று பிளம்பர் நின்று பார்த்து அடிக்க வைத்தார். வருடம் ஒருமுறை பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக மாறினால் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுவோம்.

அலாரம் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். கேஸ் லீக் அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. கடையில் முதலாவதைக் கொடுத்து இரண்டுக்கும் இதுவே போதும் என்பார்கள், போதாது. லீக் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கேஸ் வாசனை நள்ளிரவில் வந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணைத் தாழ்வாரத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

தீராத குறை ஒன்றுதான். முன்பக்க குளியலறைக்குக் குழாய் நீளம். வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளி பச்சைத்தண்ணீர் போய்விடுகிறது. அங்கேயும் ஒன்று மாட்டலாமா என்று பிளம்பரைக் கேட்டேன். வெளிச்சுவர் இல்லாத அறை, முடியாது என்றார். அம்மா அந்த வாளித் தண்ணீரை மிளகுக்கொடிக்கு ஊற்றிவிடுகிறாள்.